பன்னிரண்டு தாலுகாவுக்கும் ஒரே கையெழுத்து

வேங்கிக்கால்
ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வேதா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கம்மியாகிவிட்டது. ரமணாசிரமம் பக்கத்து விடுதியில் மறுபடி சமையலுக்குப் போகிறாள். அப்பாவின் ஷேர் ஆட்டோ ஓடுகிறது, அதோடு அப்பாவும் ஓடுகிறார். உன் இருமல் விட்டதா? மில்லில் பஞ்சு பறக்கிற இடத்தில் முகத்துணி கட்டிக்கொள்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை விடுதிப் போனில் நீ பேசும்போது நான் வாசலுக்குப் போய்விடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கிடைப்பதே ஐந்து நிமிடம். திக்கித் திக்கி 'அக்கா' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதில் ஒரு நிமிடம் போய்விடும். எழுதும்போது எனக்கு எந்தச் சொல்லும் முட்டுவதில்லை.

ஒரு நல்ல செய்தி. கலெக்டர் ஆபீசில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? இப்போது காணொளி அறையில் உதவியாளாக உட்கார வைத்திருக்கிறார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு திரை இருக்கிறது. கூட்டம் நடக்கும்போது அதில் பன்னிரண்டு சதுரம் தெரியும். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு தாலுகா ஆபீஸ். செங்கத்தில் இருப்பவர் தும்மினால் வந்தவாசியில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார்.

அரசாங்கத்துக்கு மாநிலம் முழுக்க ஒரே கணினி வலை. அந்த ஒரு வழியில்தான் கருவூலம், பத்திரப் பதிவு, ரேஷன், போலீஸ் எல்லாருடைய வேலையும் போகிறது. எங்கள் படமும் குரலும் அதிலேயே போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் வினோதினி மேடம் சொன்னார்: "பௌர்ணமி அன்னிக்கு கிரிவலப் பாதை எப்படி இருக்கும்? அந்தக் கூட்டத்துல நாம பல்லக்கைத் தூக்கினு போறோம். அவ்ளோதான்மா."

என்னை அவர்தான் தேர்ந்தெடுத்தார். துடைக்கும்போது எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்து ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டி வைத்திருந்தேன். "யாரு கையெழுத்து இது? அச்சடிச்ச மாதிரி கீது" என்று தேடிக்கொண்டு வந்தார்.

அறைக்குப் பொறுப்பு சக்கரவர்த்தி சார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "கையெழுத்து சரி. இந்தச் சேர்ல உட்கார்றவங்க மைக்ல ஒவ்வொரு ஆபீசா கூப்பிட்டு, கேட்குதான்னு கேட்கணும். நீ வாயே திறக்க மாட்டேன்ற. அக்டோபர் முடியறவரைக்கும் பார்ப்பேன். பேச்சு வரலைன்னா துடைப்பத்துக்கே போயிடு" என்றார். நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் முடிய இன்னும் நாலரை மாதம் இருக்கிறது. இந்த நாற்காலியை எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை
வேதா


மில் விடுதி, திண்டுக்கல் பக்கம்
ஜூன் 27

என் செல்லத் தங்கச்சிக்கு,

நந்தினி எழுதுவது. இருமல் போய்விட்டது. முகத்துணி கட்டுகிறேன், கட்டவில்லை என்றால் சூப்பர்வைசரே கட்டிவிடுவார். சாப்பாட்டில் இன்றும் அதே சாம்பார். மற்றபடி நலம்.

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே விடுதிக்கே செய்தி தெரிந்துவிட்டது. வார்டன் வெள்ளையம்மாள் எல்லாருடைய கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று சொல்லியிருக்கிறேனே. நேற்று என்னைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சிக்கு ஏசி ரூமாமே? உன்னை மட்டும் ஏன் பெத்தவங்க இங்க தள்ளுனாங்க?" என்று கேட்டார். "அவ கையெழுத்து அழகா இருக்கும், என்னது கோழி கிளறுன மாதிரி இருக்கும்" என்றேன். "அது தெரியுதே, நீ போடுற கடுதாசியும் நான்தானே படிக்கிறேன்" என்றார்.

பன்னிரண்டு சதுரம் என்றாயே, அதில் ஆண்கள் எத்தனை பேர், பார்க்கிற மாதிரி யாராவது உண்டா என்று இங்கே கேட்கச் சொல்கிறார்கள். கேட்டுவிட்டேன்.

சக்கரவர்த்தி சாரிடம் உன் விஷயத்தைச் சொல்லிவிடேன். சொல்ல வேண்டாம், எழுதிக் கொடு. அப்பா, அம்மாவுக்கு என் அன்பு. அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா என்று பார்.

இப்படிக்கு உன் கோழிக் கிளறல்
நந்தினி


வேங்கிக்கால்
ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். வார்டன் அம்மாவுக்கும் வணக்கம், எப்படியும் அவர்தான் முதலில் படிக்கப் போகிறார்.

இந்த வாரம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டம். வினோதினி மேடம் மைக்கை என் பக்கம் தள்ளி, "கீழ்பென்னாத்தூர்ல ஆரம்பி" என்றார். பொத்தானை அழுத்தினேன். 'கீ' வந்தது. மறுபடியும் 'கீ'தான் வந்தது. எத்தனை முறை என்று தெரியவில்லை. பன்னிரண்டு சதுரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழ்பென்னாத்தூர் ஆபீசில் இருப்பவர் அருள்ராஜ் என்ற ஒரு அண்ணன். அவர் திரையருகே வந்து, "மேடம், உங்க லைன் உட்டு உட்டு வருது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருது. நெட்வொர்க்கைப் பாருங்க" என்றார். உடனே செய்யாறும், "ஆமா சார், இங்கயும் அப்படித்தான்" என்றது. போளூர், "நேத்துலேர்ந்தே இப்படித்தான் சார்" என்றது. முந்தின நாள் ஞாயிறு, ஆபீஸே இல்லை.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். வினோதினி மேடம் உள்ளே ஓடினார். இரண்டு மணி நேரம் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். சென்னைக்குப் போன் போட்டு, "எங்க வாய்ஸ் உடையுது சார்" என்று சண்டை பிடித்தார். சக்கரவர்த்தி சார் எல்லார் முன்னாலும், "இவ்ளோ செலவு பண்ணி லைன் போட்டு, ஒரு ஊர் பேரைக் கூப்பிட முடியலையாம்மா?" என்று அவரைத் திட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அக்கா, உன்னிடம் மறைக்க மாட்டேன், கொஞ்சம் சிரிப்பும் வந்தது. என் வாயை அவர்கள் மாநிலத்துக் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள்.

வேதா


மில் விடுதி
ஜூலை 22

அருமைத் தங்கச்சிக்கு,

நலம். நீ நலமாக இல்லை என்று தெரிகிறது, முதலில் சாப்பிடு.

சிரித்தோம். பொய் சொல்ல மாட்டேன். 'நேத்துலேர்ந்தே இப்படித்தான் சார்' என்று போளூர்க்காரர் சொன்னதைப் படித்துவிட்டு வெள்ளையம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அந்த இஞ்சினியர் பொண்ணு பாவம்டி" என்றார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. நம் வீட்டில் நான் உடைத்த பாத்திரத்துக்கெல்லாம் பூனை அடி வாங்கும், நினைவிருக்கிறதா? பூனைக்குப் பேசத் தெரியாது. வினோதினி மேடத்துக்குத் தெரியும், ஆனால் உண்மை தெரியாது. சொல்லிவிடு. அதனால் அந்த நாற்காலி போனால் போகட்டும். இல்லை, போகக் கூடாது. ஆனாலும் சொல்லிவிடு.

உன் அக்கா
நந்தினி


வேங்கிக்கால்
ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலமே. அப்பாவுக்கு ஆட்டோ டயர் மாற்றிய சந்தோஷம். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? போனில் அம்மாவிடம் சொன்னாயாம், எனக்கு எழுதவில்லை.

சொல்லிவிட்டேன். ஒரு தாளில் முழுவதும் எழுதி வினோதினி மேடத்தின் மேசையில் வைத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். "ரெண்டு மணி நேரம்டி! கேபிள் புடுங்கி என் நகமே பேந்துபோச்சு. சென்னைக்காரன்கிட்ட வேற அப்படி ஒரு சண்டை" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர் பேனாவை எடுத்து அந்தத் தாளின் கீழே, 'எழுத்துப் பிழை இல்லை, மன்னிக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு என்னை ஒருமுறையும் மைக்கைத் தொடச் சொல்லவில்லை.

ஆனால் நாற்காலியில் சும்மா உட்கார முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டம் ஜாஸ்தியாகிற நேரத்தில் வலை நெரிசல் உண்மையாகவே வரும். அப்போது குரல் துண்டு துண்டாகிவிடும், படம் அப்படியே உறைந்து நிற்கும். உடைந்த குரலால் யாருக்கும் பயனில்லை. ஆனால் படம் உறையும்போது கையில் ஒரு எழுத்து இருந்தால், அந்த எழுத்தும் உறைந்து நிற்கும், நிதானமாகப் படிக்கலாம். கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் 'குரல் வரவில்லை', 'மைக்கை அணைக்கவும்', 'நீங்கள் பேசலாம்' என்று எழுதினேன்.

முதல் நாள் ஒரு கூத்து. அட்டையைக் காட்டியபோது எங்கள் திரையில் அது கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பித் தெரிந்தது. பயந்துபோய் இரவு உட்கார்ந்து எல்லா அட்டையையும் இடம் வலமாக மாற்றி எழுதினேன். மறுநாள் என் திரையில் அழகாகத் தெரிந்தது. தாலுகாக்காரர்கள் எல்லாரும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அருள்ராஜ் அண்ணன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து திரைக்கு முதுகைக் காட்டி அதில் என் அட்டையைப் படித்தார். திரும்பித் தெரிவது எங்கள் திரையில் மட்டும்தானாம். அங்கே முதலிலேயே நேராகத்தான் தெரிந்திருக்கிறது.

மறுபடி நேராக எழுதினேன். ஒவ்வொரு தாலுகாவுக்கும் ஒரு கட்டு, அவர்கள் எழுதிக்கொள்ள வெற்று அட்டை பத்து, ஒரு தடித்த பேனா. தபால் பையில் போய்விட்டது. ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து, 'அட்டை கிடைத்தது, பேனா கிடைக்கவில்லை' என்று அட்டையிலேயே கரியால் எழுதிக் காட்டினார்கள்.

சக்கரவர்த்தி சாருக்குப் பிடிக்கவில்லை. "இது என்ன ஸ்கூலா, அட்டை தூக்கிக் காட்ட? மாநிலத்துக்கே லைன் போட்டது பேசறதுக்கும்மா. அக்டோபர் முடிஞ்சதும் வேற பொண்ணை உட்கார வைக்கிறேன்" என்றார். சிந்துஜா என்று பெயராம். நன்றாகப் பேசுவாளாம்.

கால் வீக்கத்தைப் பற்றி எழுது.

வேதா


வேங்கிக்கால்
செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசுகிறாய், அதனால் நலமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. எனக்கு மட்டும்தான் எழுதவில்லை.

போன கடிதத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். 'இது என்ன ஸ்கூலா' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தச் சொல் உன்னை எங்கேயோ குத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் படிக்க வேண்டும் என்றுதான் நீ மில்லுக்குப் போனாய். நீ போன அடுத்த வருடம் நான் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். அம்மாவுக்குக் காய்ச்சல், வீட்டில் ஆள் இல்லை என்று உனக்குச் சொன்னோம். அம்மாவுக்குக் காய்ச்சல் நாலு நாள்தான் இருந்தது.

தமிழ் வகுப்பில் வரிசையாக எழுந்து ஒரு பத்தி படிக்க வேண்டும். என் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நான் எழுந்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி என்னை மாதிரியே ஆரம்பித்தாள், வகுப்பே சேர்ந்துகொண்டது. டீச்சர் சிரிக்கவில்லை. அவர், "சரி நீ உட்கார்மா, அடுத்த ஆளு" என்றார். அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் எழுப்பவில்லை, வரிசையில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு நீ வந்தாய். எனக்கு ஒரு பச்சைச் சுடிதார் கொண்டுவந்தாய். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை, ஏன் அக்கா? நீ திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சிந்துஜா வேலை பழக இப்போதே வந்துவிட்டாள். நல்ல பெண். டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரே மூச்சில் பன்னிரண்டு ஊரையும் சொல்கிறாள். அவளுக்கு ஒயர்ச் சீட்டுகளைக் காட்டிக் கொடுத்தேன். அக்டோபர் முப்பத்தொன்று வரை நான் இங்கே.

எழுது அக்கா.

வேதா


மில் விடுதி
அக்டோபர் 8

வேதாவுக்கு,

நலம். நைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் தூங்கி, எழுந்து, மறுபடி தூங்குகிறேன். அதனால் எழுத முடியவில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது.

அந்தச் சிந்துஜாவுக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்காதே, கொஞ்சம் உன் கையில் வைத்துக்கொள். அட்டை விஷயம் நல்ல யோசனை என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். சக்கரவர்த்தி சாரின் பெயரைக் கேட்டாலே வெள்ளையம்மாள் பல்லைக் கடிக்கிறார்.

தீபாவளிக்கு வருகிறேன். பஸ் டிக்கெட் போட்டாகிவிட்டது.

நந்தினி


வேங்கிக்கால்
அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் பத்திரமாக இருக்கிறோம். மழையைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்திருப்பாய். நம் தெருவில் முழங்கால் தண்ணீர், அவ்வளவுதான். உன் கடிதம் கிடைத்தது. அதில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இருக்கட்டும். இப்போது வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை, மூன்றாவது நாள் மழை. கலெக்டர் வெள்ளப் பகுதிகளைப் பார்க்கப் போயிருந்தார். சக்கரவர்த்தி சார் பன்னிரண்டு தாலுகாவையும் காணொளியில் கூப்பிட்டார். ஏற்கனவே தீபத் திருவிழா ஏற்பாட்டுக்காக எல்லாத் துறையும் அந்த வலையில் ஏறியிருந்தது. அதோடு மழைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. வினோதினி மேடம் ஒரு விளக்கப்படத்தைப் பார்த்துவிட்டு, "பௌர்ணமி இல்ல இது, தீபமே வந்துடுச்சு" என்றார்.

சிந்துஜா மைக்கில், "கீழ்பென்னாத்தூர், நான் பேசறது கேட்குதா?" என்றாள். மணி மாதிரிக் குரல். எங்கள் குரல் வெளியே எப்படிப் போகிறது என்று கேட்க மேடம் ஒரு காதுக்கருவி வைத்திருக்கிறார். அதை என் காதில் வைத்தார். "கீ... கீ... கீ..." என்று போய்க்கொண்டிருந்தது. மேடம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். சிரிக்கிற நேரம் இல்லை அது. சக்கரவர்த்தி சார் மைக்கை வாங்கிக் கத்தினார். அவர் குரலும் அப்படியேதான் போனது. பதிலுக்கு வந்ததும் அப்படியே. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் செல்போன் டவர் காலையிலேயே விழுந்திருந்தது, தரைவழிப் போனும் இல்லை. இந்த ஒரு வலைதான் பாக்கி.

சதுரங்கள் ஒவ்வொன்றாக உறைந்தன. கீழ்பென்னாத்தூர் உறைந்தபோது அருள்ராஜ் அண்ணன் முகம் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் ஒரு அட்டை இருந்தது. அதில்:

மேல்சித்தேரி கரை கசிவு. கீழே 40 வீடு. மணல் மூட்டை இல்லை.

படம் அசையவே இல்லை. அந்த எழுத்தும் அசையாமல் அப்படியே நின்றது. சக்கரவர்த்தி சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் வாய்விட்டுப் படித்தார். பிறகு திரும்பி, "எத்தனை மூட்டை இருக்கு நம்மகிட்ட?" என்று கேட்டார். அறுநூறு என்றதும் இரண்டு லாரியில் ஏற்றச் சொன்னார், நாற்பது வீட்டையும் காலி செய்து பள்ளியில் தங்கவைக்கச் சொன்னார். "இதை அவனுக்கு எப்படிச் சொல்றது?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அதற்குள் நான் எழுத ஆரம்பித்திருந்தேன்:

600 மூட்டை புறப்பட்டது. 40 வீட்டையும் இப்போதே காலி செய்யவும். பள்ளியில் தங்கவைக்கவும்.

அட்டையைக் கேமராவுக்கு முன்னால் தூக்கினேன். எங்கள் படம் அங்கே எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது, அதனால் அசையக் கூடாது. மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை ஓய்ந்தபோது சிந்துஜா பின்னால் வந்து என் இரண்டு முழங்கையையும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பதினொரு நிமிடம் நின்றோம். பிறகு கீழ்பென்னாத்தூர்ச் சதுரம் ஒருமுறை துடித்து மறுபடி உறைந்தது. இப்போது அட்டையில் ஒரே சொல்: 'புரிந்தது.'

அதைப் பார்த்துவிட்டு மற்ற தாலுகாக்காரர்களும் அட்டையைத் தூக்க ஆரம்பித்தார்கள். கலசப்பாக்கம் பாலம், செங்கம் சாலை, ஜமுனாமரத்தூரில் மரம் விழுந்தது. சார் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னார், நான் எழுதினேன், சிந்துஜா மாற்றி மாற்றித் தூக்கினாள். மாலை ஐந்து மணிவரை அந்த அறையில் மைக் யாருக்கும் தேவைப்படவில்லை.

கரை இரவு உடைந்தது. நாற்பது வீட்டுக்காரர்களும் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சார் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாளில் அக்டோபர் முடிகிறது. போனாலும் போகட்டும். எனக்கு இப்போது தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தோன்றவில்லை அக்கா.

வேதா


மில் விடுதி
நவம்பர் 2

என் வேதாவுக்கு,

நலம். ரொம்ப நலம்.

உன் கடிதத்தை வெள்ளையம்மாள் என்னிடம் கொடுக்கவில்லை. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய், என்னை எழுப்பி நிறுத்தி, "இவளோட தங்கச்சி என்ன பண்ணியிருக்கா கேளுங்கடி" என்று அறுபது பெண்கள் முன்னால் முழுதும் படித்தார். 'புரிந்தது' என்ற இடத்தில் ஒருத்தி தட்டை நழுவ விட்டாள். ஒரு மதுரைப் பெண் கடிதத்தை வாங்கி, படிக்காமல், உன் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள். "என் தங்கச்சிதான்" என்று எத்தனை தடவை சொன்னேனோ. வாயே வலித்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நைட் ஷிப்ட் என்று எழுதினேனே, அது உண்மைதான், ஆனால் எழுதாமல் இருந்தது அதனால் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ நின்றுவிட்டாய் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருடம் இருந்தது. மெஷின் முன்னால் நின்றுகொண்டு உன்னை நன்றாகத் திட்டியிருக்கிறேன். தீபாவளிக்குக் கேட்டுவிடலாம் என்றுதான் வந்தேன். வந்து பார்த்தால் அம்மா கேட்கிறாள், அப்பா கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரி, பால்காரர், எல்லாரும் 'ஏன் நின்னுட்ட' என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நீ ஆரம்பிக்கிறாய், முட்டுகிறது, அவர்களே முடித்துவிடுகிறார்கள். ஒருவரும் நீ முடிக்கும்வரை நிற்கவில்லை. நானும் கேட்டால் நீ அதை இன்னொரு தடவை படவேண்டும். அதனால்தான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன். மூன்று வருடம் ஆனது. பரவாயில்லை, உனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் ஆகும்.

கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. இப்போது இல்லை. நான் மில்லுக்கு வந்தது வீணாகவில்லை என்று எனக்கு நீ நிரூபிக்கவும் வேண்டாம். ஆனால் நிரூபித்துவிட்டாய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சக்கரவர்த்தி சார் உன்னைத் துடைப்பத்துக்கு அனுப்பினால் எனக்கு எழுது. அறுபது பேரும் பஸ் ஏறி வருகிறோம்.

உன் அக்கா
நந்தினி


வேங்கிக்கால்
நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ வருவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

அறுபது பேரும் பஸ் ஏற வேண்டாம்.

முதல் தேதி காலையில் அறைக்குப் போகாமல் நேராகத் துடைப்பம் வைக்கிற அலமாரிக்குப் போனேன். சிந்துஜா ஓடிவந்து, "எங்கடி போற? சார் தேடறாரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. சார் தாள்களைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல், "சிந்துஜா மைக். நீ அட்டை. கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லா ஆபீசும் அட்டை காட்டித்தான் வருகை சொல்லணும்னு சுற்றறிக்கை போட்டாச்சு. பக்கத்து மாவட்டத்துலேர்ந்தும் மாதிரி கேட்டிருக்காங்க. எழுதி அனுப்பு" என்றார். வினோதினி மேடம் அவர் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

பிறகு ஒரு தாளை எடுத்துவைத்தார். என் பணி ஆணை. பேனாவைத் திறந்து, "பேரு?" என்றார்.

என் பெயர் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஐந்து மாதமாகப் பார்க்கிறார். ஆனாலும் கேட்டார், நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார். உனக்குத் தெரியும், எல்லாச் சொல்லையும்விட எனக்கு அதுதான் கஷ்டம். 'வே' வந்தது. அங்கேயே நின்றது. மறுபடி 'வே.' சிந்துஜாவுக்குப் பொறுக்கவில்லை, "சார், அவ பேரு" என்று ஆரம்பித்தாள். சார் அவளைப் பார்க்காமல் இடது கையை மட்டும் உயர்த்தினார். அவள் நிறுத்திவிட்டாள். சார் பேனாவைத் தாளின் மேல் படுக்க வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"வேதா" என்றேன்.

"இனிஷியல்?"

"கோ. கோதண்டராமன்." அது ஒரே மூச்சில் வந்துவிட்டது, எனக்கே ஆச்சரியம்.

எழுதிக்கொண்டார். அவர் கையெழுத்து உன்னுடையதைவிட மோசம்.

உன் தங்கை
கோ. வேதா